சுண்ணாம்புக்குள் ஒருத்தி

சிலீர்!

அடுக்களையில் பால் இறக்கிக்கொண்டிருந்த விஜிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடத்துக்கு ஓடி வந்தாள். மணிபிளான்ட் வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் தரையில் சுக்குநூறாகக் கிடந்தது. அதன் மேல், தெற்குச் சுவரில் அவள் காலையில் ஒட்டிய வண்ணக் காகித பார்டர். தனியாக விழவில்லை... சுவரின் சுண்ணாம்பையும் நீளமாக உரித்துக்கொண்டு விழுந்திருந்தது.

உரிந்த இடத்தில்... கண்கள்!

பத்துப் பன்னிரண்டு ஜோடி. நகத்தளவில், மை தீட்டிய கண்கள். எல்லாம் ஒரே பெண்ணின் கண்கள். அத்தனையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

வாசலுக்குப் பாய்ந்தாள். கதவு அசையவில்லை. மூன்று நாள் மழையைக் குடித்து வீங்கிய கரிசல் மண், நிலையை நெருக்கிக் கதவை இறுக்கியிருந்தது. வெளியே மழை. முதுகுக்குப் பின்னால் அந்தக் கண்கள்.

"அக்கா! முத்துத்தாய் அக்கா!"

பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடமிருந்து பதில் இல்லை. ஓர் ஆண் குரல் வந்தது.

"கைப்பிடியப் புடிச்சு மேல தூக்குங்க... நான் கீழ மிதிக்குதேன். ம்... இப்ப!"

கதவு திறந்த வேகத்தில் ஒருவன் தடுமாறி உள்ளே வந்தான். நனைந்த சட்டை. விரல்களில் சிவப்பும் நீலமுமாக மை. வலது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பு. நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான்.

பயந்தது அவள். ஆனால் பேயறைந்தவனைப் போல் நின்றது அவன்!

எங்கேயோ பார்த்த முகம்... எங்கே? அவளுக்குப் பிடிபடவில்லை.

"என்ன அப்பிடிப் பாக்குதீங்க? எனக்குக் கொம்பா முளைச்சிருக்கு?"

"இல்ல... எதுத்தாப்புல பிரஸ்ல தீப்பெட்டி லேபிள் வரையுதேன். செண்பகராஜ். ஒரு மாசமா வெளியூர்ல இருந்துட்டு இன்னைக்குத்தான் வந்தேன். கத்துனது கேட்டுச்சு..."

"கதவை இப்பிடித்தான் தொறக்கணும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிச் சுவருக்குப் போனது.

"அதைப் பாக்காதீங்க. சனிக்கிழமை வந்து நானே சரிபண்ணிருதேன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி ஓடினான்.

அதைப் பாக்காதீங்க... ஏன்?

அவளுக்கு ஓடிப்போக வழியில்லை. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து கோவில்பட்டி தாலுகா ஆபீசுக்கு டைப்பிஸ்டாக வந்தபோதே அண்ணன் சௌந்தரபாண்டியன் கறாராகச் சொல்லிவிட்டான். "ஒரே மாசம். ஒத்தையில இருந்து காட்டு. பயந்து வந்தாலும் சரி, ஒரு பேச்சு வந்தாலும் சரி, நான் பாத்த மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும்." வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அந்தக் கெடு முடிகிறது. அண்ணன் வீட்டைப் பார்க்க வருகிறான்.

அவனுக்குக் காட்டத்தான் இத்தனை அலங்காரமும். 'சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது' என்பது முத்துத்தாயின் கண்டிப்பு. ஆணியே இல்லாமல் அந்த வீட்டைத் தன் வீடாக்கியிருந்தாள் விஜி. ஜன்னல் கம்பிகளில் பழைய சுங்குடிச் சேலைத் திரை. நிலைப்படியில் ஒயரில் பின்னிய பச்சைக்கிளி. எல்லாம் ஒட்டிக்கொண்டன... தெற்குச் சுவர் மட்டும் எதை ஒட்டினாலும் உதறியது.

மறுநாள் காலை முத்துத்தாயைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கு முன்னால இங்கன யாரு இருந்தா?"

"ஒரு வாத்தியார் குடும்பம். போன ஐப்பசி மழையில, சுவத்துல இருந்து பொம்பள பாக்குதான்னு மூணே நாள்ல காலி பண்ணிட்டாவ. செண்பகராஜ் தம்பிதான் மறுபடி வெள்ளையடிச்சுக் குடுத்தான். அவிய வாரதுக்கு முன்னால அவன்தான் குடியிருந்தான்." முத்துத்தாயின் முகம் சட்டென்று மாறியது. "ஏட்டி, ஆணி கீணி எதுவும் அடிச்சியா?"

வெள்ளிக்கிழமை அந்தி. ஆபீஸ் விட்டு வந்து விளக்கைப் போட்டதும் கரண்ட் போனது. மெழுகுவத்தியை ஏற்றினாள். தரையெல்லாம் சுண்ணாம்புச் செதில். காலையில் கண்கள் மட்டுமே இருந்த சுவரில் இப்போது மூக்கு வந்திருந்தது. இறுக மூடிய உதடுகள் வந்திருந்தன. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்...

விஜியின் விரல் தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. அதே இடம். அதே மச்சம்.

கண்ணாடியை எடுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். கண்ணாடியில் இருந்தவள் இமைத்தாள். சுவரில் இருந்தவள் இமைக்கவில்லை.

சுவர் முழுக்க அவள்தான்!

சனிக்கிழமை மாலை, வாளியும் சுரண்டுகிற தகடுமாக வந்தவனை வாசலிலேயே மறித்தாள். பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"யாரக் கேட்டு என் மூஞ்சிய வரைஞ்சீங்க?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன்... பஸ் கெளம்பிருச்சு."

"எந்த பஸ்?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால, ஓட்டப்பிடாரத்துல. நல்ல மழை. நான் பஸ்ஸுக்குள்ள ஜன்னலோரம். நீங்க டீக்கடைத் தாவாரத்துல நின்னு என்னையே முறைச்சீங்க. ரெண்டே நிமிசம்... பேரு தெரியாது, ஊரு தெரியாது. அந்தப் பார்வை மட்டும் கையில நின்னுட்டு. ஒரு புது லேபிளுக்கு அதையே வரைஞ்சேன்."

"அப்ப கடைக்குக் கடை என் மூஞ்சிய விக்குதாவளா!"

"ஒரு பெட்டிகூட வெளிய போகல. 'இம்புட்டுக் கோவக்காரிய ஒட்டுனா தீப்பெட்டிய எவம்லே வாங்குவான்'னு முதலாளி தள்ளிட்டாரு. சோதனைக்கு அடிச்ச தாளெல்லாம் வீணாக் கெடந்துச்சு. இந்தச் சுவத்துல கோடையில விரல் போற அளவுக்கு வெடிப்பு... மைதாப் பசையில மயில்துத்தம் போட்டு அது மேல ஒட்டிட்டேன். பூச்சிகூட அரிக்கல." தலையைக் குனிந்துகொண்டான். "பிரஸ் மாடியில ரூம் கெடச்சு, காலி பண்ணும்போது சுரண்டியிருக்கணும். மனசு வரல. மேலயே வெள்ளையடிச்சேன். வழுவழுத் தாள்ல சுண்ணாம்பு நிக்காதுன்னு தெரிஞ்சும் ரெண்டு தடவ அதே தப்பு."

விஜி வாசலிலிருந்து விலகி வழிவிட்டாள்.

"அன்னைக்குக் கதவு தொறந்தப்ப... நீங்க சுவத்துல இருந்து எறங்கி வந்துட்டீங்கன்னே நெனச்சேன். இன்னும் அந்தப் பயம் போகல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எங்க அண்ணன் வாராவ. இதப் பாத்தா என்ன நெனப்பாவ?"

"தடமே இல்லாம எடுத்துருதேன். உங்களுக்கு ஒரு பேச்சு வராது."

தண்ணீர் அடித்துச் சுரண்டத் தொடங்கினான். ஒவ்வொரு வரிசையாக அவள் முகங்கள் வாளிக்குள் விழுந்தன. தண்ணீரில் மிதந்தபடி மேலே பார்த்தன. தாள் போன இடத்தில் வெடிப்பு கறுப்பாக வாய் திறந்தது. இத்தனை நாள் அந்தக் கண்களுக்குப் பயந்தவளுக்கு இப்போது, அவை இல்லாத சுவர்தான் பயமாக இருந்தது. யாரோ தன்னை இந்த வீட்டிலிருந்து துடைத்து எடுப்பதுபோல...

அவன் புருவத் தழும்பில் மழைநேரத்து வெளிச்சம் விழுந்தது.

மழை... ஜன்னலோரம்... அந்தப் புருவம்! அன்றைக்கு அங்கே தழும்பு இல்லை. வேறொன்று இருந்தது.

மிச்சம் ஒரே ஒரு முகம். தகடு அதைத் தொடப்போனது. அவள் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"அத விட்ருங்க."

"உங்க அண்ணன் கேட்டா...?"

"மாப்பிள்ள பாக்க வேண்டாம்னு நான் சொல்லிக்கிடுதேன்."

தகடு வாளிக்குள் நழுவியது. அவன் நம்ப முடியாமல் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இந்தக் கோவக்காரி மூஞ்சிய வச்சுக்கிட்டா?"

பிடித்த கையை அவள் விடவில்லை.

"புருவத்துல பிளாஸ்திரி ஒட்டியிருந்தீங்க... அன்னைக்கு நான் கோவத்துல பாக்கல. உங்க பஸ் கெளம்பிரக் கூடாதேன்னு பாத்தேன்."