பதினேழாம் வீட்டுத் தொட்டி

காலை 10.20. ஓமந்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பதினேழாம் எண் வீட்டின் பின்பக்கம் பொன்னி விழுந்து கிடந்தாள். பின்மண்டையில் ரத்தம். சிமென்ட் தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம். பக்கத்தில் அவள் கணவன் ராயப்பன் கத்திக்கொண்டு நின்றான்.

மதியம் 2.00. திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி வராந்தா. இன்ஸ்பெக்டர் சீனுவாசன் மனதுக்குள் வழக்கை முடித்துவிட்டிருந்தார். ராயப்பன் ஸ்டேஷனில் இருந்தான். பொன்னிக்கு நினைவு திரும்பவில்லை.

விழுப்புரத்திலிருந்து கலைமதி பஸ் பிடித்து ஓடி வந்திருந்தாள். பொது சுகாதார ஆராய்ச்சியாளர். காய்ச்சலைக் கணக்கெடுப்பதுபோல வீட்டு வன்முறையையும் ஊர் ஊராகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. போன வாரம்தான் பொன்னியிடம் கேள்வித்தாளை நிரப்பியிருந்தாள்.

"புருஷன் அடிக்கிறான்னு சொல்லிச்சாம்மா?" என்றார் சீனுவாசன்.

"அவங்க சொன்னதை வெளிய சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன் சார்."

பொன்னி சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கணவன், மாமனார், மாமியார், மைத்துனர், பெற்றோர் என்று வரிசையாகக் கேட்டபோது, "இந்தப் பட்டியல்ல இருக்கிறவங்க யாரும் என்னை ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள். கலைமதி ஐந்து கட்டத்திலும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். புருஷனுக்குப் பயந்து பொய் சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றியது.

வார்டு வாசலில் வெங்கடாசலம் உட்கார்ந்திருந்தார். கொசு ஒழிப்பு ஒப்பந்தப் பணியாளர். பொன்னியை ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான். நர்ஸ் ஒருத்தி டீ வாங்கிக் கொடுத்திருந்தாள். வாராவாரம் கலைமதிக்கு வீட்டுவாரியாகக் கணக்கு அனுப்புகிறவரும் அவரே. ஒரு வருடமாக அந்தத் தெருவில் கொசுப்புழு பூஜ்யம்.

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஒன்பதே முக்கா மேடம். தொட்டித் தண்ணிய பூரா ஊத்திட்டு, ப்ளீச்சிங் போட்டுத் தேய்ச்சு, புதுத் தண்ணி புடிச்சு உட்டேன். பத்து மணிக்குக் கிளம்பிட்டேன். அந்தப் பொண்ணு நல்லாதான் நின்னுக்கினு இருந்துது."

"அப்புறம்?"

"சத்தம் கேட்டு ஓடியாந்தேன். ராயப்பன்தான் உள்ள நின்னுக்கினு இருந்தான். பேஜாரு புடிச்ச ஆளு மேடம்."

பிற்பகல் 3.15. ஸ்டேஷன்.

"வானூருக்கு வேலைக்குப் போனவர் எதுக்குத் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டாள் கலைமதி.

"சோத்து டப்பாவ மறந்துட்டேன்க்கா. பஸ் ஸ்டாப்புலேர்ந்து திரும்பி வந்தேன். வந்து பாக்கறேன், கீழ கிடக்குது." ராயப்பன் அழுதான். அழுகிற புருஷன்களை அவள் நிறையப் பார்த்தவள். நம்பவில்லை.

மாலை 4.30. பதினேழாம் வீடு. அடுப்பு மேடையில் சோற்று டப்பா மூடியபடி இருந்தது. பக்கத்து வீட்டு ரோஜா எட்டிப் பார்த்தாள்.

"கொசு மருந்துக்காரர் சைக்கிள் கால் மணி நேரம் வாசல்ல நின்னுக்கினு இருந்துதுங்க. அது போனப்புறம்தான் ராயப்பன் வந்தாரு. வந்ததும் கத்தினாரு."

கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் இன்றைய தேதி, 'புழு இல்லை', வெங்கடாசலத்தின் கையெழுத்து. கலைமதி தொழில் பழக்கத்தில் தொட்டிக்குள் டார்ச் அடித்தாள். உள்சுவரில் கட்டியாகப் பாசி. தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. நடுவே சுருண்டு மிதந்தவை கூட்டுப்புழுக்கள். ஒரு கரண்டி மொண்டு பாட்டிலில் ஊற்றினாள்.

"ஆளப் புடிக்க வந்து கொசு புடிச்சிக்கினு இருக்கீங்களே!" என்றார் கூட வந்திருந்த சீனுவாசன்.

அவள் முகம் வெளிறியது. "சார், ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. வெங்கடாசலத்த பொன்னி பக்கத்துல விடக்கூடாது!"

மாலை 5.40. வார்டு வாசலில் கான்ஸ்டபிள் காவலுக்கு நின்றார். கலைமதி பாட்டிலை வெங்கடாசலத்தின் முன்னால் வைத்தாள்.

"முட்டை இந்த நிலைக்கு வர அஞ்சு நாளாவது ஆகும். காலையில தேய்ச்ச தொட்டியில சாயங்காலம் எப்படி வந்துது?"

"ஓரத்துல ஒட்டிக்கினு இருந்திருக்கும் மேடம்."

"பாசியுமா? நீங்க அந்தத் தொட்டியத் தொடவேயில்ல. உங்க சைக்கிள் கால் மணி நேரம் வாசல்ல நின்னுது. அந்த நேரத்துக்கு ஒரு வேலை காட்டணும்னு தரையில தண்ணிய ஊத்திட்டுத் தேய்ச்சேன்னு சொன்னீங்க. ராயப்பன் வந்ததும் கத்தினார். அதுக்கு முன்னாடியே பொன்னி விழுந்தாச்சு. தேய்க்கலன்னா, கால் மணி நேரம் உள்ள என்ன பண்ணீங்க?"

வெங்கடாசலம் பாட்டிலையே பார்த்தார். யாரும் எட்டிப் பார்க்காத தொட்டிக்கு ஒரு வருடமாகப் பூஜ்யம் எழுதிப் பழகிய கை. இன்றும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பிவிட்டது.

"கையப் புடிச்சேன்... மேலதிகாரி கிட்ட சொல்லிடுவேன்னு கத்தப் பாத்துச்சு மேடம்... வாயப் பொத்தித் தள்ளினேன். தொட்டியில இடிச்சிக்கிச்சு" என்றார் கடைசியில்.

மறுநாள் காலை 8.15. பொன்னி கண் விழித்திருந்தாள். ராயப்பன் டம்ளரைப் பிடித்துக் காப்பி புகட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்கக் கலைமதிக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ஆளு தொந்தரவு பண்றான்னு அன்னைக்கு எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

பொன்னி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சொன்னேனேங்க. உங்க பட்டியல்ல இருக்கிறவங்க யாரும் இல்லன்னு. அப்ப வேற யாருன்னு கேப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். நீங்க பேப்பர மடிச்சு வெச்சிட்டுப் போய்ட்டீங்க."