கீச்சிடும் மாப்பிள்ளைக் கார்

முன் சக்கரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. சுஹறா விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கோபம் வரலாமா என்று கேட்காதீர்கள். வந்தது, உச்சந்தலை வரைக்கும் வந்தது.

வராமல் என்ன செய்யும்? அது அவளுடைய வாப்பா முகைதீன்பாவாவின் வாடகைக் கார். கல்முனைக் கடற்கரையில் ஒரு வாரம் சும்மா நின்றால் போதும், உப்புக்காற்று துருவை ஏற்றிவிடும். அன்று காலையில்தான் வாப்பா முன் சக்கரங்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் வட்டமான பிரேக் தட்டுகளைப் பளபளவென்று தேய்த்து, பழைய பிரேக் பேட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டிருந்தார். பிரேக்கை மிதித்தால் பேட்டுகள் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். கார் நிற்கும். புதுப் பேட் என்பதால் சில நாள் கீச்சென்று கத்தும், பிறகு அடங்கிவிடும் என்று வாப்பா சொல்லியிருந்தார்.

அந்தக் கீச்சுத்தான், சுஹறா அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மசூருக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலை அவருடைய தம்பி மீராசாவுக்குக் கல்யாணம். இந்தக் கார்தான் மாப்பிள்ளைக் கார்; அது கத்தினால் பெண் வீட்டார் சிரிப்பார்களாம். கதவு கத்தினால் எண்ணெய், சைக்கிள் கத்தினால் எண்ணெய், அப்படியென்றால் காருக்கும் எண்ணெய்தானே? தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியில் தேங்காயெண்ணெயை நிரப்பி, சக்கரத்து ஓட்டைகள் வழியாகப் பீச்சிவிட்டார்.

"நீங்களா மசூர் காக்கா எண்ணெ விட்ட?"

"ஓம். இனி சத்தமே வராது பாரு."

பேட் வழுக்கினால் கார் நிற்காது என்று சுஹறா சொன்னாள். மசூர் சிரித்தார். பொம்பிளப் பிள்ளைக்குக் காரைப் பற்றி என்ன தெரியும், போய் மருதோன்றி போடு என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாப்பா அசர் தொழுதுவிட்டு அவசரமாக வந்தார். மாப்பிள்ளை தலைப்பாகையோடு தயார். தெருவிலுள்ள சின்னதுகள் ஆறேழு பேர் ஏற்கெனவே காருக்குள் ஏறி அடைந்திருந்தார்கள். சுஹறா சொல்ல வாயெடுத்தாள். பெரியவர்களோடு வாயாடாதே என்று வாப்பா அடக்கிவிட்டார்.

அவள் எட்டி வாப்பாவின் கையிலிருந்த கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா, இது என்ன வளர்ப்பு என்று முகத்தைச் சுளித்தார். வாப்பா சாவியைத் தா என்று கையை நீட்டினார். சுஹறாவுக்குக் கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

"வெறுங்கார ஒருக்கா ஓட்டிப் பாருங்க வாப்பா. நிண்டா எனக்கு அடிங்க. நிக்காட்டி என்ன செய்வீங்க? உள்ளுக்கு இந்தச் சின்னதுகள்தானே இரிக்கி?"

வாப்பா அவளைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் காரிலிருந்து இறக்கினார்.

கார் போனது. இரண்டாவது தென்னைக்கு நேரே வாப்பா பிரேக்கை மிதித்தார். கீச்சுச் சத்தம் வரவில்லை. காரும் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுக்க இழுக்க ஓடிப்போய், வீடு கட்டக் குவித்திருந்த மணலில் மூக்கைக் குத்தித்தான் நின்றது.

இறங்கி வந்த வாப்பா எண்ணெயைப் பார்த்தார். அதட்டிப் பேசாத மனிதர் அன்று மசூருக்குச் சொன்னதைப் பிள்ளைகள் படிக்கும் கதையில் எழுத முடியாது. பிறகு மகளிடம் வந்தார்.

"நீ சொன்னத நான் கேட்டிரிக்கணும் மகள்."

பாதிக் கோபம் அதோடு போய்விட்டது. மற்றப் பாதி மசூர் மேல் அப்படியே இருந்தது.

எண்ணெய் ஊறிய பேட் இனி உதவாது. வேறு பேட் வாங்கிவர நேரமில்லை. மாப்பிள்ளை மீராசாவின் முகம் வாடிப்போயிற்று. பாவம், அவர் என்ன பிழை செய்தார்? சுஹறா வீட்டுக்குள் ஓடினாள். பழைய பேட்டுகளை அவள்தான் எடுத்து வைத்திருந்தாள், பள்ளிக்கூடக் கொப்பிகளின் தாள்கள் கடற்காற்றுக்குப் பறக்காமல் மேலே பாரமாக வைக்க. வாப்பா எப்போதும் பேட் முழுதாகத் தேயுமுன், கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுவார்.

வாப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேஞ்ச பேட், கத்தத்தான் செய்யும். மெல்லப் போனா இண்டைக்குக் காணும்." அந்த ஒரு நாளைக்குப் போதுமென்றால் சரிதான்.

"எண்ணெ பட்ட பிரேக் தட்ட மசூர் காக்காதான் கழுவணும்," என்றாள் சுஹறா.

இடுப்பில் கட்டிய புதுச் சாரனோடு மசூர் குந்தினார். பெற்றோலும் சவர்க்காரமுமாகத் தேய்த்தார். முழங்கை வரை கறுப்பு. இன்னும் வழுக்குது, இன்னும் வழுக்குது என்று மூன்று தரம் கழுவ வைத்துத்தான் அவள் விட்டாள். வாப்பா பேட்டுகளைப் பூட்டி, வெறுங்காரை இரண்டு தரம் ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே மாப்பிள்ளையை ஏற்றினார். மாப்பிள்ளையோ, முன் ஆசனத்தில் சுஹறா இருந்தால்தான் ஏறுவேன் என்றுவிட்டார்.

பெண் வீட்டு வாசலில் கார், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கீச்சிட்டு நின்றது.

சுஹறா பின் ஆசனத்தில் இருந்த மசூர் பக்கம் திரும்பினாள். "சத்தம் காணுமா காக்கா?"

"காணும்," என்றார் மசூர், கறுத்த கைகளைச் சாரனுக்குள் மறைத்துக்கொண்டு.