டெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறவள்

துணிகளை வராந்தாவில் உலர்த்திவிட்டு, கணப்படுப்புக்கு விறகும் பிளந்து முடித்து லோர்னா உள்ளே வந்தபோது கட்டிலில் கிடந்த கணவன் டெஸ்ஸின் உதடுகள் ஈரமாக இருந்தன.

அப்படி இருக்க வழியில்லை. வாயைத் திறந்தபடியே கிடக்கிறவனுக்கு நாக்கும் உதடும் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். குச்சி நுனியில் பஞ்சு வைத்த சின்னத் துடைப்பானைத் தண்ணீரில் தோய்த்து அவள்தான் அடிக்கொருதரம் ஒற்றிவிட வேண்டும். வெளியே அதிக நேரம் நின்றுவிட்டோமே என்ற பதைப்போடுதான் ஓடிவந்தாள். வந்து பார்த்தால் உதடுகள் பளபளவென்று நனைந்திருந்தன. கடைவாயில் வழிந்ததைக்கூட யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். தலையணையுறையின் சுருக்கம் நீவப்பட்டிருந்தது. குனிந்து முகர்ந்தாள். விறகுப் புகை, மருந்து, பல நாள் படுக்கையின் புளித்த வாசனை, இவற்றுக்கெல்லாம் அடியில் மெல்லியதாக ஓர் இனிப்பு. குளிர்கிடங்கில் மறந்துபோன ஆப்பிள், வெளித்தோல் சிவப்பாகவே இருக்க, உள்ளே பழுப்பேறத் தொடங்கும்போது வருமே, அந்த இனிப்பு.

வேறொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். லோர்னாவுக்கு வயிறெரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை முகர்ந்துகொண்டேதான் இருந்தாள். ஹூவான் ஆற்றங்கரைத் தோட்டங்களில் ஆப்பிள் பறிக்க வரும் பெண்களெல்லாம் மேற்பார்வையாளர் டெஸ்ஸின் சிரிப்புக்காகவே அடுத்த வருஷமும் வந்தார்கள் என்பது அவள் எண்ணம். சட்டைக் கழுத்தை முகர்ந்திருக்கிறாள், காரின் பக்கத்து இருக்கையை முகர்ந்திருக்கிறாள். உறுதியாக எதுவும் கிடைத்ததில்லை; கிடைக்காததே அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. பிறகு கணையத்தில் புற்று வந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஹோபார்ட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொன்னதும் டெஸ், "அப்ப வீட்டுக்குப் போறேன்" என்றான். முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஊட்டுவது, துடைப்பது, மாற்றுவது எல்லாமே அவள்தான். எங்கே போனாய், ஏன் நேரமாயிற்று என்று கேட்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. அந்த மாதங்களில் தான் சந்தோஷமாக இருந்ததை லோர்னா யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பிரியோனி வந்தாள். வீடு வீடாகப் போய்க் கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இளம் நர்ஸ். டெஸ்ஸின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தவள் விசிலடித்தாள்.

"ஒரு சிவப்புகூட இல்லையே! குழந்தை தோல் மாதிரி இருக்கு. இவரைத் தனியாளா எப்படித்தான் திருப்பிப் படுக்க வைக்கிறீங்க? எங்களுக்கே ரெண்டு பேர் வேணும்."

அன்று காலையில் லோர்னா காபி போட்டுக்கொண்டு வந்தபோது அவன் இடப்பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தான். முழங்கால்களுக்கு நடுவே குட்டித் தலையணை வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு ஒருநாளும் அவ்வளவு கச்சிதமாக வந்ததில்லை.

"பழகிப்போச்சு கண்ணு" என்றாள் லோர்னா.

"பொய்" என்றான் டெஸ், கண்ணைத் திறக்காமலே. "அவதான் திருப்புனா. நல்ல கை. சில்லுனு இருக்கும்."

"யாரு டெஸ் அது? எனக்குச் சொல்லாம வேற நர்ஸா வச்சிருக்கீங்க?" பிரியோனி சிரித்தாள். அவனும் சிரித்தான். லோர்னா சிரிக்கவில்லை.

வராந்தாவில் காலணியை மாட்டிக்கொண்டே பிரியோனி குரலைத் தாழ்த்தினாள். "கடைசி நாட்கள்ல இப்படி யாரையாவது பார்ப்பாங்க லோர்னா. பெரும்பாலும் செத்துப்போன சொந்தக்காரங்க. மறுத்துப் பேசாதீங்க. அவங்களுக்கு அது ஒரு ஆறுதல். அவரோட அம்மாவா இருக்கும்."

"அவன் அம்மா பிள்ளை வளர்த்த லட்சணம் எனக்குத் தெரியும். அவ திரும்பி வந்தா சீட்டு விளையாட வருவா, இவனைத் திருப்பிப் போட வரமாட்டா."

"நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? ஹோபார்ட்ல ஒரு வாரத்துக்கு இவரைச் சேர்க்கலாம். நான் பேசறேன்."

"நான் செத்ததுக்கப்புறம் கூட்டிட்டுப் போ."

அன்று மதியம் ஆட்டெலும்பு சூப்பைத் துணியால் வடிகட்டி, ஆறவைத்து, ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போனாள். டெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆச்சு. குடிச்சிட்டேன்."

"யாரு குடுத்தா?"

"சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே."

அவன் மோவாயில் ஒரு துளி ஒட்டியிருந்தது. சூப் இல்லை, கலங்கலாக ஏதோ. லோர்னா அதை ஏப்ரன் நுனியால் துடைத்தாள், தோல் சிவக்கும்வரை துடைத்தாள். "ஆ, மெதுவா" என்றான். அந்த இனிப்பு வாசனை இப்போது அவன் மூச்சிலேயே இருந்தது.

பக்கத்திலிருந்து இப்படி வந்துபோகக்கூடியவள் ஒருத்திதான். ரோட்டுக்கு எதிரே, மேட்டில் இருக்கும் ஐரிஸ். லோர்னா கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஈரச் சரளையில் விறுவிறுவென்று ஏறினாள். கதவு திறக்க வெகுநேரமாயிற்று. முதலில் தெரிந்தது இரும்பு நடைச்சட்டம். அதைப் பிடித்து வளைந்து நின்ற ஐரிஸ் பிறகுதான் தெரிந்தாள்.

"இடுப்பு ஒடஞ்சு ஒரு மாசமாச்சு. பார்க்க வர்றதுக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?"

"நீ எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறியா ஐரிஸ்?"

"நானா? எனக்குக் கக்கூசுக்குப் போயிட்டு வர்றதே ஒரு யாத்திரை." ஐரிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, பேக்கிங் ஷெட் விருந்துல, ரெண்டே ரெண்டு பாட்டுக்கு உன் புருஷன்கூட ஆடினேன். அதுக்கு இன்னும் என்னை விடமாட்டே இல்ல? உள்ள வா. குளிர் அடிக்குது."

லோர்னாவுக்கு வெட்கமாகிவிட்டது. சமையலறையில் நின்றாள். ஐரிஸ் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பேசிக்கொண்டே போனாள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். தினமும் இந்த ஜன்னல் வழியா உன்னைப் பார்க்கறேன். முடிய அவிழ்த்துவிட்டுட்டு, மத்தியானம் பூரா அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கே. இந்த வயசுல எப்படிடி இவ்வளவு நீளம்? எனக்கே பொறாமையா இருந்துச்சு."

லோர்னா தொப்பியைக் கழற்றினாள். அலசுவதற்கு நேரமில்லையென்று காதோடு ஒட்ட வெட்டிய நரைமுடி.

கெட்டில் கொதித்தது. ஐரிஸின் கை அதை நோக்கிப் போகவில்லை. அவள் லோர்னாவின் தோளுக்குப் பின்னால், ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்ப," என்றாள், "இப்ப அங்க உட்கார்ந்திருக்கறது யாரு?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு முன்னறை விளக்கு வெளிச்சத்தில், லோர்னா அதைப் பார்த்தாள். நாற்காலியின் முதுகு. அதன்மேல் வழிந்து தரைவரை விழுந்த கருங்கூந்தல். யாரோ பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுகிறவளுடையதுபோல அது மெல்ல அசைந்தது.

"போகாதே லோர்னா. நர்ஸைக் கூப்பிடு" என்று ஐரிஸ் கத்தியது கேட்டது. லோர்னா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். மேட்டிலிருந்து இறங்கி ஓடியபோது அவள் மனசில் ஓடியது ஒன்றுதான்: டெஸ்ஸுக்கு நீளமான முடி பிடிக்கும்.

அறையில் யாருமில்லை. நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது, அவள் எப்போதும் போடுவதைவிட நெருக்கமாக. அதைத் தூக்கி வராந்தாவுக்கு வெளியே வீசினாள். திரையை இழுத்தாள். முன்கதவைப் பூட்டினாள், பின்கதவைப் பூட்டினாள். அலமாரிக்குள் பார்த்தாள். பிறகு அறைக்குள் வந்து கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நாம ரெண்டு பேரும் மட்டும்தான்."

டெஸ் கூரையைப் பார்த்தான்.

ஜூன் மாதத்துக் குளிர்கால வெளிச்சம் சீக்கிரமே கரைந்தது. ஆற்றிலிருந்து ஏறிய பனி தோட்டத்தின் மொட்டை மரங்களை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டு ஜன்னலை ஒட்டி நின்றது. திரைக்கு இந்தப் பக்கத்திலேயே அதன் ஈரம் தெரிந்தது. கூடத்தில் கணப்படுப்பின் இரும்பு சூடேறி டக், டக் என்று நெளிந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் லோர்னா கதவைப் பார்த்தாள். கதவுக்கடியில் நிழல் ஏதும் இல்லை.

அப்போது வலி வந்தது.

முதலில் அவன் கால்விரல்கள் மடங்கின. பிறகு உடம்பே வில்லாக வளைந்தது. இவ்வளவு நாளும் வராத வலி. அல்லது வந்தபோதெல்லாம் யாரோ தடுத்து வைத்திருந்த வலி. அவள் அளந்து வைத்திருந்த மருந்தை நாக்குக்கடியில் விட்டாள். வயிற்றைத் தடவினாள். அவன் அவள் கையைத் தள்ளினான். பையிலிருந்து போனை எடுத்துப் பிரியோனியைக் கூப்பிட்டாள்.

"ஐரிஸ் அப்பவே கூப்பிட்டாங்க. பனி ரோட்டையே மூடிருச்சு லோர்னா, ஊர்ந்துதான் வந்துட்டிருக்கேன். இன்னொரு டோஸ் குடுங்க. பக்கத்துலயே இருங்க. நான் வந்துடறேன்."

இன்னொன்றும் கொடுத்தாள். பலனில்லை.

"அவளைக் கூப்பிடு" என்றான் டெஸ்.

"நான் இருக்கேன்ல?"

"நீ வேணாம். உன் கை வலிக்குது."

லோர்னா எழுந்தாள். கால்கள் தாமாகவே கதவுக்குப் போயின. திரும்பி, கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்த் தாழ்ப்பாளை இறுகப் பற்றினாள்.

"திற, லோர். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அவளை விடு."

"மாட்டேன்."

"வலிக்குதுடி."

"எனக்கும்தான் டெஸ்."

அவன் அலறினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தால் போதும், அவனுக்கு வலி நின்றுவிடும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தும் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். மூச்சுச் சத்தம் இல்லை. காலடி இல்லை. கூந்தல் உரசும் சத்தம் இல்லை. எதுவுமே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அலறல் நின்றது.

"ஆ" என்றான் டெஸ். வெந்த இடத்தில் தண்ணீர் பட்ட குரல். "வந்துட்டியா."

லோர்னா கண்ணைத் திறந்தாள்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அவள் கைகள் அதன்மேலேயே இருந்தன. கதவு திறக்கவில்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. பூனைகூடப் படுக்க முடியாத இடுக்கு. அதிலிருந்து முடி மேலே வந்தது. முதலில் முடி. பிறகு, அதற்குள், ஒரு தலையின் வடிவம். இவ்வளவு நேரமும் லோர்னா உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு கை தூரம். அங்கேயே இருந்திருக்கிறது. காத்திருந்திருக்கிறது.

அது எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. பிறகு குனிந்தது. கூந்தல் டெஸ்ஸின் முகத்தை மூடியது. ஆப்பிள் வாசனை அறையை நிறைத்தது. கூந்தலுக்குள்ளே அவன் சிரிக்கும் சத்தம். தாழ்ந்த சிரிப்பு. ஒரு காலத்தில் அவளிடம் மட்டும் சிரிக்கிறான் என்று அவள் நம்பிய சிரிப்பு.

மூச்சு வெளியே வந்தது.

உள்ளே போகவில்லை.

தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். தொலைவில், பனிக்குள், பிரியோனியின் கார் சரளையில் திரும்பும் சத்தம் கேட்டது. லோர்னா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். கட்டிலை நோக்கி நடந்தாள்.

"தள்ளு" என்றாள். "அவன் என் புருஷன்."

அது தள்ளவில்லை. அவள் மறுபக்கமாகக் கட்டிலில் ஏறினாள். அவனை ஒட்டிப் படுத்து, அவன் மார்பின்மேல் கையைப் போட்டாள். இன்னும் சூடு இருந்தது. என்னுடையவன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம். "லோர்னா! பூட்டியிருக்கே! திறங்க!"

மார்பின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. சில்லென்றிருந்தது. மெதுவான, தேர்ந்த கை. அது டெஸ்ஸின் கையைத் தொடவில்லை. அவளுடைய மணிக்கட்டை எடுத்தது. உள்பக்கம் மேலாக வருமாறு திருப்பியது. நாடி துடிக்கும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்தது.

"லோர்னா!"

லோர்னா கண்ணைத் திறந்தாள். இறந்தவனின் முகத்துக்கு மேலாக அந்தத் தலை அவள் பக்கம் திரும்பியிருந்தது. முடிக்குள்ளே உதடுகள் அசைந்தன.

அது எண்ணிக்கொண்டிருந்தது.