மக்டோல்னாவின் கோடு

மேடைப் பலகையில் வரையப்பட்டிருந்த கை, இல்காவின் கையைவிடச் சற்று நீளமாக இருந்தது.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அந்தக் கலை வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் பார்த்து வரைய உருமாதிரியாக அமர்பவர் இடைவேளைக்கு எழும் முன், அவருடைய பாதங்களையும் ஊன்றிய கையையும் சுற்றிச் சாக்கட்டியால் கோடிட்டுவிடுவார்கள். திரும்பி வந்தவர் அந்தக் கோட்டுக்குள்ளேயே மறுபடி பொருந்திக்கொள்ள வேண்டும். ‘இருப்பு’ என்று அவர்கள் சொல்லும் ஒரே அமர்வுநிலை வாரக்கணக்கில் தொடரும். ஆனால் இந்தக் கோடு இல்காவைச் சுற்றி இடப்பட்டதன்று. கல்விப் பருவத் தொடக்கத்திலிருந்து இங்கே அமர்ந்திருந்த மக்டோல்னாவைச் சுற்றி இடப்பட்டது. மக்டோல்னா கல்லறைத் திருநாளுக்குச் சற்று முன்பு இறந்துபோனாள்.

“படமெல்லாம் பாதியில நிக்குதும்மா,” என்றார் பேராசிரியர் பர்னா. “புதுசா கோடு போட்டா பசங்க பட்ட பாடெல்லாம் வீண். அவங்க கோட்டுக்குள்ளயே நீங்க உக்காந்துடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகுதான்.”

கரித்துண்டைத் தீட்டிக்கொண்டிருந்த மாணவி விராக் நிமிர்ந்தாள். “செத்தவங்க கோடு சார். அழிச்சுட்டு வேற போடலாமே?”

“முடியாத இருப்ப இந்தக் கூடத்துல யாரும் அழிச்சதில்ல. முடியட்டும். நீயே வந்து அழி.”

“பரவாயில்லைங்க சார். நான் உக்காந்துக்கறேன். மன்னிச்சுக்குங்க,” என்றாள் இல்கா. எதற்கு மன்னிப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. யாரிடமும் மறுத்துப் பேசிப் பழகாதவள் அவள். குழந்தையை உடன் அழைத்துவர அனுமதித்த வேலையும் புடாபெஸ்டில் இது ஒன்றுதான் கிடைத்திருந்தது. அவளுடைய மகள் டோர்கா, கீழே பெரி என்ற காவலரின் அறையில், வகுப்பு முடியும்வரை வண்ணப் பென்சில்களோடு காத்திருப்பாள்.

சாம்பல் நிறப் போர்வையைச் சுற்றிக்கொண்டு இல்கா அமர்ந்தாள். பாதங்கள் பொருந்தின. இடது கை மட்டும் பொருந்தவில்லை. சிறுவயதில் முறிந்து கோணலாகவே ஒட்டிக்கொண்ட அவளுடைய சுண்டுவிரல், கோட்டைத் தாண்டி வெளியே வளைந்து நின்றது. டோர்கா நடக்கும்போதெல்லாம் அந்த விரலில்தான் தன் விரலை மாட்டிக்கொள்வாள். அதற்குக் ‘கொக்கி’ என்று அவளே பெயரும் வைத்திருந்தாள்.

நவம்பர் மாதத்தில் அந்நகரில் மாலை என்ற ஒன்று இருப்பதில்லை. பிற்பகல் நேராக இருளுக்குள் இறங்கிவிடும். இல்காவின் முகம் திரும்பியிருந்த பெரிய சன்னல் மெல்லக் கறுத்து, கண்ணாடியாகி, கூடம் முழுவதையும் அவளுக்குப் பின்னாலிருந்த கதவு உட்படத் தனக்குள் வாங்கிக்கொண்டது. காகிதத்தில் கரித்துண்டுகள் உரசும் ஓசை, காய்ந்த இலைகளை யாரோ ஓயாமல் வாரிக்கொண்டிருப்பதைப்போல் கேட்டது. வெந்நீர்க்குழாய்கள் முனகின. ஈர மேலங்கிகளின் வாடைக்கும் கரித்தூளின் வாடைக்கும் அடியில், போர்வையின் மடிப்புகளிலிருந்து, அணைந்த மெழுகுத்திரியும் வாடிய சாமந்தியும் கலந்த ஒரு நெடி நிதானமாக எழுந்துகொண்டிருந்தது.

“அக்கா, முகவாயக் கொஞ்சம் தூக்குங்க,” என்றான் கெர்கோ என்ற மாணவன். “இன்னும். ம்ம்... நேத்து இப்படித்தான் இருந்தீங்க.”

“நேத்து நான் வரலைங்களே, தம்பி.”

யாரோ சிரித்தார்கள். “அவன் தன் ஆளோட முகத்தையே மறந்துடுவான்கா, விடுங்க,” என்றாள் விராக்.

இடைவேளையில் இல்கா வரைபலகைகளினூடே தயங்கித் தயங்கி நடந்தாள். எல்லாத் தாள்களிலும் அவள் பார்த்திராத ஒரே பெண்ணின் முகம், மக்டோல்னாவின் முகம். அது இயல்புதான். ஆனால் கெர்கோ பழைய தாளைக் கிழித்துவிட்டு, அன்றுதான், அவளைப் பார்த்தபடியே புதிதாகத் தொடங்கியிருந்தான். அந்தத் தாளிலும் இருந்தது மக்டோல்னாதான்.

கேட்கலாம் என்று நினைத்தாள். மேடைக்குத் திரும்பிப் பாதங்களைக் கோட்டுக்குள் வைத்தாள்.

அடுத்தடுத்த வகுப்புகளில் அவளுடைய உடல் அந்த இருப்பைக் கற்றுக்கொண்டது. முதுகு வலிக்கவில்லை. கால் மரத்துப்போகவில்லை. அவள் மூச்சிழுக்கும் முன்பே நெஞ்சு தானாக நிறைந்தது. அவள் விடும் முன்பே தணிந்தது. அவளுக்குள் யாரோ ஒருவர், அவளைவிடச் சற்று முந்திக்கொண்டு, மிகவும் பொறுமையாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் குனியாமல் கண்களை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். சுண்டுவிரல் கோட்டுக்குள் இருந்தது.

நேராக.

மேடையைவிட்டு இறங்கியதும் அது பழையபடி கோணிக்கொண்டது. படிகளில் ஓடினாள். காவலர் அறையில் டோர்கா கொக்கியைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, உன் கை சில்லுனு இருக்கு,” என்றாள்.

“சூடா ஒரு தேநீர் குடிச்சிட்டுப் போம்மா,” என்றார் பெரி. “முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. அந்தப் புண்ணியவதியும் கடைசில இப்படித்தான் இருந்தா.”

மறுநாள் பேராசிரியர் வரும்வரை இல்கா மேடையருகிலேயே நின்றாள். சொல்லவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். தன் மகளிடம் தானாகவே திரும்பிப்போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“சார், தப்பா நினைக்காதீங்க... இன்னிக்கு என்னால...”

“இன்னிக்குத்தாம்மா கடைசி. இதோட முடிஞ்சுது. பசங்க முகத்தப் பாருங்க.”

பார்த்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“சரிங்க சார்,” என்றாள்.

அமர்ந்தாள். கால் தானாகப் போய்க் கோட்டுக்குள் நின்றது. கை தானாக ஊன்றிக்கொண்டது. பேராசிரியர் நேர்மட்டம் பார்க்கும் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நூல் அவளுடைய மூக்கு நுனியிலிருந்து குதிகால்வரை இம்மியும் பிசகாமல் விழுந்தது.

“அப்பாடா!” என்றான் கெர்கோ. “இப்பத்தான் கரெக்டா வந்து உக்காந்திருக்காங்க.”

சன்னல் கறுத்தது. குழாய்கள் முனகின. மெழுகுத்திரியின் நெடி தொண்டைவரை ஏறியது. சன்னலில் தெரிந்த தன் முகத்தை இல்கா பார்த்தாள். உதடுகள் புன்னகைத்தன.

அவள் புன்னகைக்கவில்லை.

எழ வேண்டும். இப்போதே. கையை எடு. எடு.

கை அசையவில்லை.

கத்தினாள். கூடத்தில் கரித்துண்டுகளின் ஓசை மட்டும் கேட்டது.

“போதும்,” என்றார் பேராசிரியர். எல்லாரும் கைதட்டினார்கள். நீண்ட இருப்பு முடிந்தால் அப்படித் தட்டுவது அங்கே மரியாதை.

இல்காவின் மீதிருந்து ஒரு பாரம் எழுந்தது. போர்வை விலகியது. சன்னலில் தெரிந்த பிம்பத்தில் ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கழுத்தை நீவிக்கொண்டாள். இல்காவின் காலணிகளை மாட்டினாள். இல்காவின் மேலங்கியை அணிந்தாள். பின்னால், மேடை காலியாக இருந்தது.

“ரொம்ப நன்றிக்கா,” என்றாள் விராக்.

“மன்னிச்சுக்குங்க, குழந்தை காத்திட்டிருக்கா,” என்றது இல்காவின் குரல்.

கதவு திறந்தது. மேலே அழைத்துவந்த பெரியின் பின்னாலிருந்து டோர்கா ஓடிவந்தாள். வழக்கம்போல் கையை நீட்டினாள். விரலைத் தேடினாள். மறுபடி தேடினாள்.

“அம்மா, கொக்கி எங்க?”

அந்தப் பெண் குனிந்து, குழந்தையின் காதருகே ஏதோ சொன்னாள். டோர்கா நிமிர்ந்து அவளுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்த நேரான விரலைப் பிடித்துக்கொண்டாள்.

டோர்கா. டோர்கா.

கதவு சாத்திக்கொண்டது. படிகளில் சிறிய காலடிகளும் பெரிய காலடிகளும் ஒன்றாக இறங்கின.

விராக் வாளியோடு வந்தாள். ஈரத்துணியைப் பிழிந்தாள். மேடையிலிருந்த கோட்டைப் பாதங்களிலிருந்து அழிக்கத் தொடங்கினாள். இல்காவுக்குக் குளிர்ந்தது. பாதங்கள் இல்லை. துணி மேலே நகர்ந்தது.

கை மட்டும் எஞ்சியிருந்தது. விராக் சற்றே நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பலகையில், வெள்ளைக் கோட்டில், சுண்டுவிரல் கோணலாக வளைந்திருந்தது.

துணியை மறுபடி நனைத்தாள்.