மூடாத குறி

விடிந்ததும் நகரின் வாசிப்பு இயந்திரம் ஒவ்வொரு தெருவின் இணையப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கும். கப்பல்காரத் தெருவை அது சில நாட்களாகப் படிக்கவில்லை. பக்கங்களின் பிழைகளைக் கண்காணிக்கும் சீர்மை அலுவலர் ஷகிலா அங்கே போய் இறங்கியபோது, காலிக் குடங்களோடு நின்றவர்கள் அவளை முறைத்தார்கள்.

பக்கத்தின் குறிநிரலில் பிழை. தெருவாசிகள் அவரவரே எழுதும் உள்ளடக்கத் தளத்தில் மாடிவீட்டு லூர்துசாமி ஒரு புகாரைத் தொடங்கிவிட்டு, அதை மூடும் முடிவுக்குறியை, அந்த ஒரு டேக்கை, இடாமல் விட்டிருந்தார். பிழையுள்ள பக்கம் இயந்திரத்துக்கு இல்லாத பக்கம். பக்கம் இல்லையென்றால் தெருவும் இல்லை; தண்ணீரோ ஆம்புலன்ஸோ அங்கே வராது. எழுதியவரின் கைரேகை இன்றி அந்தக் குறியை ஷகிலாவாலும் மூட முடியாது.

மாடியேறி அவர் முன் நின்றாள். "ஒரே ஒரு டேக் சார். மூடிட்டீங்கன்னா தெருவுக்கே தண்ணி வந்துடும்."

"போன மாசம் என் பொண்டாட்டி மூச்சுவிட முடியாம கெடந்தா. ஆம்புலன்ஸ் ஏன் வரல? அப்பவும் வேற ஏதோ பிழை இருக்குன்னு பக்கத்த நிறுத்தி வெச்சது யாரு? நீதானே?"

"சட்டப்படிதான் நிறுத்தினேன்."

"அதத்தான் எழுதியிருக்கேன். ஒருத்தனும் பதில் சொல்லல. என் புகார் முடியல. முடியாதத எதுக்கு மூடணும்?"

ஷகிலாவுக்கு எரிச்சல் மூண்டது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளை அதிகம் எரித்தது. வாசலில் கூடிவிட்டவர்களிடம் திரும்பினாள்.

"மூட மாட்டாராம். உங்க தண்ணி இவர் கையிலதான் இருக்கு."

எதிர்வீட்டு பிலோமினா குடத்தை வைத்துவிட்டு முதலில் உள்ளே போனாள். மற்றவர்களும் பாய்ந்தார்கள். நாற்காலி சரிந்தது. லூர்துசாமி விரல்களை இறுக மடக்கிக்கொண்டார். மடங்கிய கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தார்கள். ஷகிலா நீட்டிய கைத்திரையில் அதை அழுத்தினார்கள்.

"பக்கம் பிழையற்றது. புகார் முடிவுற்றது," என்றது இயந்திரம். அவர் எழுதியிருந்த வரிகள் பக்கத்திலிருந்து மறைந்தன.

கீழே குழாய்கள் சீறின. எல்லோரும் ஓடினார்கள். பிலோமினா மட்டும் அவருடைய சிவந்த விரலைப் பார்த்தபடி நின்றாள்.

"கையப் புடிச்சது நாங்க," என்றாள் ஷகிலாவிடம். "புடிக்க வெச்சது நீ. இனிமே இந்தத் தெருப்பக்கம் வந்துடாத."

லூர்துசாமி தரையிலிருந்து எழுந்து நாற்காலியை நிமிர்த்தினார்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றார்.