ஏழாவது மாடியில் கல்யாணம்

ட்ரிங்... ட்ரிங்...!

லிஃப்டுக்குள் இருந்த அவசரத் தொலைபேசி அலறியது.

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்ட் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இது அடிக்கவே அடிக்காதே...!" என்றான். "இதுலேர்ந்து நாமதான் வெளியே பேச முடியும். வெளியிலேர்ந்து யாரும் இதுக்குப் பேச முடியாது!"

"அப்ப இப்ப பேசறது யாரு?" என்றாள் மணப்பெண்.

நியாயமான கேள்வி!

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. விசிறி ஓய்ந்துவிட்டது. மூலையில் ஒரு குட்டி விளக்கு மட்டும் அழுது வடிந்தது. ஏழாவது மாடியில் திருமணப் பதிவு அலுவலகம். சாட்சிக் கையெழுத்துப் போட அவளுடைய அண்ணன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே காத்திருந்தார். அண்ணன் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். காத்திருப்பது அவருக்கு ஆகவே ஆகாது.

மாப்பிள்ளை ரிசீவரை எடுத்தான்.

"கொர்ர்ருனு சத்தம்தான் வருது. நீ கேளு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்ன கல்யாணப் பொண்ணு... சௌக்கியமா?"

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

இந்தக் குரல்...!

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது நசுங்கிச் செத்துப்போன அவளுடைய புருஷனின் குரல்!

"எ... என்னங்க...?"

"நானேதான். குரலையாவது ஞாபகம் வெச்சிருக்கியே, சந்தோஷம்!"

"யாரு?" என்றான் மாப்பிள்ளை.

"கன்ட்ரோல் ரூம்!"

"என்ன சொல்றாங்க?"

"சௌக்கியமான்னு கேக்கறாங்க."

"ரொம்ப முக்கியம்! எப்ப விடுவாங்கன்னு கேளு!"

"எப்ப விடுவீங்க?" அவள் கேட்டாள்.

"விடறதா? முதல்ல அவன் இடுப்பைப் பாரு. அது யாரோட பெல்ட்?"

பார்த்தாள். சாட்சாத் அவருடைய பெல்ட்தான்.

"அது... சும்மாதானே கிடந்துச்சு..."

"நானும்தான்டி சும்மா கிடக்கறேன்! அதுக்காக எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடுவியா?"

"எது சும்மா கிடக்காம்?" மாப்பிள்ளை காதைத் தீட்டினான்.

"மோட்டார்... மோட்டார் சும்மா கிடக்காம்!"

"மெயின்டனன்ஸ் பாக்கற லட்சணம் அப்படி!" அவன் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கல்யாணத்துக்கு வரும்போதும் ஸ்க்ரூ டிரைவர். தொழில் பக்தி! பட்டன்கள் இருந்த தகட்டின் முன்னால் மண்டியிட்டு, திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

காதுக்குள் குரல் விடவில்லை.

"உலகத்துல வேற ஆம்பளையே இல்லையா? எனக்கு ஸ்பானர் எடுத்துக் குடுத்துட்டிருந்த பய! என்னை அண்ணேன்னான். உன்னை அண்ணின்னான்!"

"இப்ப அப்படிக் கூப்பிடறதில்ல..."

"அதான் எரியுது! இவன் வேண்டாம். சொன்னாக் கேளு."

"ஏன்...?"

"காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

"நேரம் வரும்போது சொல்றேன்."

கோடை வெயில் இரும்புப் பெட்டிக்குள் புகுந்துகொண்டதுபோல் வெந்தது. கையை நீட்டினால் சுவர். திரும்பினால் மாப்பிள்ளை. காதில் செத்த புருஷன். தப்பித்து ஓட இடமே இல்லை!

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த முள்ளை எடுத்து வெளியே வைத்தாள்.

"என் மேல கோவமாங்க? அன்னிக்குக் காலையில சண்டை போட்டு... 'இனிமே வீட்டுப் பக்கமே வராதீங்க'ன்னு கத்தினேனே... அந்த நினைப்புலதானே பூட்டு போட மறந்தீங்க? நான்தானே உங்களைக் கொன்னேன்...?"

ஒரு பெருமூச்சு வந்தது.

"அந்தப் பேச்சை விடு..."

அந்தப் பூட்டின் கதை இதுதான். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் மெக்கானிக், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டிப் பூட்டுவான். சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். அவன் ஏறி வந்து திறக்கும்வரை யாராலும் லிஃப்டை ஓட்ட முடியாது. அதனால்தான் ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. கடையில் கொடுக்கும் இரண்டாவது சாவியை வாங்கின அன்றே உடைத்துவிட வேண்டும். அது அந்தத் தொழிலின் சத்தியம்.

அன்றைக்கு அவள் புருஷனின் சட்டைப் பையில் சாவி இருந்தது. பூட்டோ, டூல்ஸ் பையில் சும்மா கிடந்தது! 'பாவம், பூட்ட மறந்துட்டான்' என்று ஊரே உச்சுக் கொட்டியது.

"இங்க வந்து செல்போன்ல வெளிச்சம் காட்டு!" மாப்பிள்ளை கத்தினான். கழன்ற தகட்டை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தான். "என் பாக்கெட்ல சாவிக் கொத்து இருக்கு. அதுல லிஃப்ட் கதவைத் திறக்கற மூணு மூலை வெச்ச சாவி ஒண்ணு இருக்கும். எடு!"

அவள் ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கொத்தை எடுத்தாள். எத்தனை சாவி! லிஃப்ட் மெக்கானிக் கையை விட்டாலும் விடுவான், சாவியைத் தூக்கிப் போட மாட்டான். எந்தக் கதவுக்கு எப்போது உதவுமோ!

ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

சட்டென்று கை நின்றது.

ஒரு குட்டிப் பித்தளைச் சாவி. மேலெல்லாம் சுரண்டின தடம். ஆனால் வளையத்தில் கோக்கும் ஓட்டையின் உள் விளிம்பில்... ஒரு பொட்டு நிறம்!

அவள் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். ஆயிரம் நிறத்துக்கு நடுவிலும் அந்த நிறத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். ஏனென்றால் அது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஊதாவையும் ஆரஞ்சையும் கலந்து அவளே செய்த நெயில் பாலிஷ்! அவர் புதுப் பூட்டு வாங்கி வந்த அன்று, 'யாரோடதோடயும் மாறிடக் கூடாது' என்று பூட்டுக்கும் இரண்டு சாவிக்கும் அவள்தான் பூசிவிட்டாள்.

"கிடைச்சுதா?"

"இருங்க... தேடறேன்." சாவியை உள்ளங்கைக்குள் மூடினாள். "ஆமா, அவர் பூட்டோட ரெண்டாவது சாவியை உடைக்கச் சொல்லி உங்ககிட்டதானே குடுத்தாரு?"

"ஆமா. சுத்தியால அடிச்சு ரெண்டா உடைச்சேன். எதுக்கு இப்ப?"

அவள் தன் கைப்பையைத் திறந்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த அவருடைய சாவி அதில்தான் இருந்தது. என்றைக்கும் அதில்தான் இருக்கும்.

இரண்டையும் ஒட்டி வைத்தாள். பல்லுக்குப் பல்... அச்சு அசல்!

"என்னடி ஆச்சு?" காதில் குரல். "ஏன் பேச்சையே காணோம்?"

மாப்பிள்ளை திரும்பினான். அவள் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கல்யாணக் களை வடிந்தது.

"அதைக் குடு."

"நீங்க உடைக்கவே இல்ல..."

"குடுன்னு சொன்னேன்!"

"அவர் பூட்டிட்டுத்தான் இறங்கினாரு! நீங்கதான் திறந்து... ஸ்விட்சைப் போட்டு..."

அவன் தகட்டை விட்டான். அது ஒற்றைத் திருகில் தொங்கி ஆடியது.

"உனக்காகத்தான்! உன்னைப் பாத்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல, தெரியுமா?"

"ரெண்டு வருஷம்..." அவள் கண் கலங்கியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். "நான்தான் கொன்னுட்டேன்னு உங்க தோள்ல சாஞ்சு அழுதேன். 'அழாதே, அழாதே'ன்னு தட்டிக் குடுத்தீங்க. 'உன்னால இல்ல'ன்னு ஒரு தடவை... ஒரே ஒரு தடவை சொல்லலையே!"

"சொல்லியிருந்தா நீ என் தோளுக்கு வந்திருப்பியா?"

அவன் நெருங்கினான். சிரித்தான்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. சாவியைக் குடு, கல்யாணம் நடக்கும். இல்லேன்னா... நின்னுபோன லிஃப்ட். பயந்துபோன பொண்ணு. கூரைக் கதவைத் திறந்து வெளியே ஏறப் பாத்துச்சு... கால் வழுக்கிடுச்சு. புருஷன் போன வழியிலயே பொண்டாட்டியும்! யாரு என்ன கேக்கப் போறாங்க?"

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது. ரிசீவர் நழுவி, கம்பியில் தொங்கியது. அவன் கை அவள் கழுத்துக்கு வந்தது...

தொங்கிய ரிசீவர் அலறியது.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கோடி!!"

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள்.

விர்ர்ர்ரென்று லிஃப்ட் மேலே பாய்ந்தது! பாய்ந்த வேகத்திலேயே டக்கென்று நின்றது. மாப்பிள்ளை எகிறினான். தொங்கிய தகட்டில் நெற்றி மோதி, மூட்டையாய்த் தரையில் விழுந்தான்.

கதவு திறந்தது.

ஏழாவது மாடி!

வாசலில் பேனாவோடு அண்ணன். அவருக்குப் பின்னால் பதிவாளர்.

"எவ்வளவு நேரம்மா? சார் சாப்பிடப் போகணுமாம்!" அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை ஏன் படுத்திருக்காரு?"

"அண்ணே... விலங்கு வெச்சிருக்கியா?"

"கல்யாணத்துக்கு எதுக்கும்மா விலங்கு?"

"மோதிரத்தை விட அவர் கைக்கு அதுதான் பொருத்தம்!"

இரண்டு சாவிகளையும் நீட்டி, நடந்ததைச் சொன்னாள். அண்ணன் சட்டையைப் பிடித்துத் தூக்கியபோது மாப்பிள்ளைக்கு நினைவு திரும்பியது.

"அவர்... அவர் குரல்... போன்ல கத்தினாரு! நானே கேட்டேன்! சொல்லிடறேன் சார்... எல்லாத்தையும் சொல்லிடறேன்... அந்த லிஃப்டுல மட்டும் என்னை ஏத்தாதீங்க!"

அண்ணன் அவனைப் படி வழியாகத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

கைப்பையை எடுக்க அவள் லிஃப்டுக்குள் திரும்பி வந்தாள். தொங்கிய ரிசீவரை மெல்லக் காதில் வைத்தாள்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"எதை?"

"அவன்தான் கொலைகாரன்னு!"

"கொலையா? யாரைக் கொன்னான்? நீங்க ரெண்டு பேரும் கத்தினது எனக்குக் கொர்ர்ருனுதான் கேட்டுது, உன் கழுத்துல கை வெச்சான், லிஃப்டைத் தூக்கினேன்!"

"உங்களைத்தான்!"

"ஐயையோ... என்னையா?!"

அவள் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"அப்ப எதுக்குங்க லிஃப்டை நிறுத்தினீங்க? காரணம் இருக்குன்னீங்களே!"

"இருக்குதான்..." குரல் கூச்சத்தோடு இழுத்தது. "பொறாமை."

"பொறாமையா?!"

"நிஜம்மா, நான்தான் மறந்துட்டேன்னு நினைச்சேன்டி. இத்தனை வருஷ சர்வீஸ்ல பூட்டை மறந்து செத்தவன்னு பேரு. உன் மூஞ்சில எப்படி முழிக்கறது? அந்த வெக்கத்துலதான் இத்தனை நாளா வாயே திறக்கல."

"நான் சண்டை போட்டதாலதான்னு நான்..."

"சண்டையா? என்ன சண்டை?"

"அன்னிக்குக் காலையில..."

"சண்டை போட்டோமா? எனக்கு ஞாபகமே இல்லையே!"

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளால் நன்றாக மூச்சு விட முடிந்தது.

"மேடம்..."

திரும்பினாள். கையில் தண்ணீர் டம்ளரோடு பதிவாளர். கோடு போட்ட சட்டை, நல்ல முகம்.

"ரொம்ப அதிர்ச்சியில இருக்கீங்க. என் கார் கீழதான் நிக்குது. வீட்டுல விட்டுடட்டுமா? எனக்கும் காத்திருக்க ஆள் யாரும் இல்ல. ஒண்டிக்கட்டை!" லிஃப்டுக்குள் காலை வைத்தார். "வாங்க, இதுலயே இறங்கிடலாம்."

குட்டி விளக்கு ஒரு முறை சிமிட்டியது.

ரிசீவருக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் ரிசீவரை அவசரமாக மாட்டிவிட்டு, பதிவாளரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"படியிலயே போயிடலாம் சார்... லிஃப்டுல என் வீட்டுக்காரர் இருக்காரு!"