பதினைந்து நிமிடப் பட்டியல்

அன்று காலை பதினோராவதாகக் கேட்ட குரலைக் கலியமூர்த்தி பட்டியலில் சேர்க்கவில்லை.

நெல்லித்தோப்பின் சந்துக்குள், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் நெருக்க, நடுவில் எப்படியோ பிழைத்துக் கிடக்கும் ஒரு கொய்யா, ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல். அவர் வீட்டுத் தோட்டம் என்பது இவ்வளவுதான். விடிந்ததும் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பதினைந்து நிமிடத்தில் கண்ணில் பட்ட பறவையையும் காதில் விழுந்த பறவையையும் கைப்பேசியில் குறித்துப் பறவை பார்ப்பவர்கள் குழுவுக்கு அனுப்புவார். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் முப்பது வருஷம் அட்டைப்பெட்டி எண்ணிய மனிதர். பெட்டிகள் தங்கமானவை, எண்ணி முடிக்கும்வரை பறக்கமாட்டா. வசதியுள்ள பறவைக்காரர்கள் பீரங்கி மாதிரி கேமராவோடு நோணாங்குப்பம் போவார்கள். இவருடைய முழங்கால் கொய்யா மரம் வரைக்கும்தான் அனுமதி கொடுத்திருந்தது.

காகம் ஒன்பது. தவிட்டுக்குருவி ஏழு. தேன்சிட்டு இரண்டு. செம்போத்து ஒன்று, குரல் மட்டும். மற்றதும் சேர்த்துப் பத்து இனம். ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்து, ஊறிய இலையும் பாசியும் சாக்கடையும் ஒன்றாக மணக்க, இலைநுனிகளில் தங்கிய தண்ணீர் தகர ஓட்டில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அது கேட்டது.

"ஏங்க."

அவர் கழுத்து தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம். மனைவி அன்னக்கிளி போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டதைக் கழுத்துக்கு யாரும் சொல்லவில்லை.

கொய்யாக் கிளையில் ஒரு மைனா. தலையைச் சாய்த்து, மஞ்சள் வளையம் போட்ட கண்ணால் அவரைப் பார்த்தது.

"ஏங்க."

அதே குரல். அடுப்படியில் புறப்பட்டுத் தோட்டம்வரை எட்டவேண்டும் என்று கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பாளே, அந்த இழுப்பும் இருந்தது.

அவர் சிரித்துக்கூடப் பார்த்தார். மைனா குரல் திருடும், அது ஊருக்கே தெரியும். ஆனால் எண்ணிப் பழகிய புத்தி சும்மா இருக்குமா? ஒரு சொல்லைப் பலமுறை கேட்டால்தான் மைனாவுக்குப் படியும். சாதாரணமாக அன்னக்கிளி ஒருமுறைதான் கூப்பிடுவாள், இரண்டாவது முறைக்கு நேரே கரண்டிதான் வரும். அப்படியென்றால் இந்த மைனா கேட்ட அன்று அவள் எத்தனை முறை கூப்பிட்டிருப்பாள்?

அந்த ஒரு நாள் எது என்று அவருக்குத் தெரியும்.

ஊருக்குச் சொன்ன கதை வேறு. பால் வாங்கப் போயிருந்தேன், வந்து பார்த்தா வழுக்கி விழுந்து கிடந்தா, எல்லாம் முடிஞ்சிருந்தது. மகள் செந்தமிழ்ச்செல்விக்கும் அதையேதான் சொன்னார். அவள் கடலூரில் நர்ஸ். அப்பாவின் தோளில் சாய்ந்து, "உன்மேல இன்னாப்பா தப்பு இருக்குது," என்று அழுதாள். இந்த உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

நடந்தது இது. கொய்யா அடியில், சருகைப் புரட்டிக்கொண்டு, ஒரு ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருவது, பச்சையும் நீலமும் சிவப்பும் பூசிய கைக்குள் அடங்கும் உயிர். நெல்லித்தோப்பில் யாரும் பார்த்ததில்லை. உள்ளே ஏதோ விழுந்த சத்தம். "ஏங்க... விழுந்துட்டேன்... கொஞ்சம் வாங்க." எழுந்தால் குருவி போய்விடும். "இதோ வர்றேன்," என்றார் அவர், உதட்டுக்குள்ளேயே. அவளுக்குக் கேட்கட்டும் என்று சொன்னதல்ல அது. குருவிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சொன்னது. நாற்பது படம் எடுத்தார். அவர் உள்ளே போனபோது குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

படத்துக்குக் குழுவில் எண்பத்தோரு கட்டைவிரல் கிடைத்தது.

"வூட்டுக்குள்ள ஒரு கிளி கீழ மேல போயிட்டு வருதே, அத என்னிக்காச்சும் உன் லிஸ்ட்ல எழுதியிருக்கியா?" என்று அன்னக்கிளி கேட்பாள். எழுதியதில்லை.

மைனா வந்த மறுநாள் பட்டியலில் ஏழு இனம். அதற்கடுத்த நாள் நான்கு. காகங்கள்கூட நின்றுபோன காலை ஒன்றில் தோட்டம் முழுக்க ஓட்டில் சொட்டும் ஒலி மட்டும். அப்புறம் மைனா. அது கிளையிலிருந்து துவைக்கிற கல்லுக்கு வந்திருந்தது. "விழுந்துட்டேன்," என்றது. அடுத்த வாரம் சமையலறை ஜன்னல் கம்பிக்கு வந்து, "தண்ணி," என்றது. எறிய ஒரு கல்லை எடுத்தார். கல் எட்டுகிற தூரத்தைவிட மைனா ஒரே ஒரு சாண் அதிகம் தள்ளி உட்கார்ந்தது. பிறகு, அவருடைய குரலில், உதட்டுக்குள், "இதோ வர்றேன்."

கல் கையிலிருந்து காலில் விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேம்பு சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னா கலியமூர்த்தி, குருவிய எண்றத உட்டுட்டு அடிக்கக் கெளம்பிட்டியா?"

"ஒரு மைனா, அக்கா. தொல்ல பண்ணுது."

"மைனாவ நான் பாக்கல. நீதான் விடியக்காலம் தொல்ல பண்ற. செல்வி, செல்வின்னு அப்படி இன்னா கத்தல்? பொண்ணு வந்திருக்குதாக்கும்னு நெனச்சேன்."

"நான் கூப்பிடலியே."

"உன் கொரல் எனக்குத் தெரியாதா?"

அவர் கூப்பிடவில்லை. அந்த வருஷம் முழுக்க அந்தப் பெயரை அவர் வாய்விட்டுக் கூப்பிடத் துணிந்ததே இல்லை.

தெவசத்தன்று செல்வி காலையிலேயே வந்துவிட்டாள். பஸ் வாசனையோடு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அவர் முந்திக்கொண்டார். நாலு நாளாகப் படுத்துப் புரண்டு யோசித்து வைத்திருந்த பொய். பொய்யில் அவர் ஒன்றும் கெட்டிக்காரர் இல்லை, ஆனால் இதில் பாதி உண்மை கலந்திருந்தது.

"தோட்டத்துல ஒரு திருட்டு மைனா சுத்துதும்மா. மனுஷங்க கொரல்ல பேசுது. அம்மா மாதிரி, என்ன மாதிரி. விழுந்துட்டேன், கிழுந்துட்டேன்னு கண்டதையும் சொல்லும். எது கேட்டாலும் கண்டுக்காத."

"அம்மா மாதிரியா?" அவள் கண் நிறைந்தது. "நெசமாவாப்பா?"

"சும்மா வாய்க்கு வந்தத ஒளறும். நம்பாத."

"சரி சரி. உன் குருவிப் பைத்தியம் மைனாவுக்கும் புடிச்சிக்கிச்சாக்கும்."

படையல் இலையை எடுத்துக்கொண்டு காக்காய்க்கு வைக்க அவள் மாடிக்குப் போனாள். அவர் சமையலறையில் நின்றார். மழை ஜன்னல் வழியாக அடித்துத் தரை நனைந்திருந்தது. கொதிக்கிற சாம்பாரின் பெருங்காய மணம், ஈரச் சுவரின் சுண்ணாம்பு மணம், எல்லாவற்றுக்கும் அடியில் சருகு நாற்றம். மேலே மகளின் குரல். "கா... கா..." ஒரு சிறகடிப்பும் இல்லை. "கா... கா..."

ஜன்னல் கம்பியில் மைனா.

இன்று அது பேசவில்லை. அவரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில், அன்னக்கிளி கிடந்த இடத்தை.

அவர் கரண்டியை ஓங்கினார்.

ஈரத்தில் கால் வழுக்கிற்று.

இடுப்பில் ஏதோ முறிந்தது. முருங்கைக் கிளை முறிகிற சத்தம். வலி உடனே வரவில்லை. வந்தபோது மூச்சு நின்றது. கால் அசையவில்லை. தலைக்குக் கீழே ஏதோ வெதுவெதுப்பாகப் பரவியது. சாம்பார் இல்லை.

"செல்வி..."

மேலே "கா... கா..." நின்றது.

கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டாள்.

பிறகு அவள் சிரித்தாள். "அப்பா! உன் மைனா மாடிக்கே கேக்குது! அப்படியே உன் கொரலு!"

"செல்வி... விழுந்துட்டேன்... தண்ணி..."

"ஏய் மைனா, அப்பா கொரல் போதும். எங்கம்மா மாதிரி ஒரு தடவ பேசேன். ஒரே ஒரு தடவ." குரல் உடைந்தது. "இரு, இரு. ரெக்கார்டு பண்றேன்."

அப்புறம் சத்தமே இல்லை. அவளுடைய கால்கள் அசைவது நின்றுவிட்டது. பறவை பயந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குழுவின் விதிகளை அவளுக்கு அனுப்பியவர் அவர்தான். தட்டச்சு செய்தவரும் அவர்தான். *கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் கிட்டே போகாதீர்கள். விலகி நின்று கவனியுங்கள்.*

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். இன்னொரு முறை. எத்தனை முறை என்று புத்தி தானாக எண்ணியது.

தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. சுவர்மேல் காகம் ஒன்பது. கொய்யாவில் தவிட்டுக்குருவி ஏழு. தேன்சிட்டு இரண்டு, செம்போத்து ஒன்று. இத்தனை நாள் காணாமல் போனவை எல்லாம். ஒன்றும் அலகைத் திறக்கவில்லை. ஒன்றும் சிறகைக் கோதவில்லை. எல்லாம் வீட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தன. வாசற்படி ஓரம், நனைந்த சருகின்மேல், பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒன்று.

மைனா கம்பியிலிருந்து தரைக்கு இறங்கியது. ஈரத்தில் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தது. அவர் கை எட்டும் தூரத்தைவிட ஒரு சாண் தள்ளி நின்றது. தலையைச் சாய்த்தது. அலகைத் திறந்தது.

உதட்டுக்குள் சொல்வதுபோல், மிக மெதுவாக, அன்னக்கிளியின் குரலில்:

"இதோ வர்றேன்."